மலையேறும் வேனில் மழை ஒழுகுவது ஏன்?

தொல்காப்பியப் பாயிரம் தமிழ் வழங்கும் நிலத்துக்கு வட எல்லையாகச் சொல்வது வேங்கட மலையை. பெங்களூர்வாசிகளாகிய நாம் கோலார், சித்தூர் வழியாக ஏறத்தாழ 250 கிலோமீட்டர் போய் அதைத் தொடுகிறோம். நான்கைந்து குடும்பம் சேர்ந்து வேன் எடுத்தால் மூட்டை முடிச்செல்லாம் பின்னால் டிக்கியில்தான். அந்த டிக்கிக் கதவைப் பற்றி ஒரு கட்டுரையா என்று மலர்க் குழுவினர் சிரித்தார்கள். காரணம் இருக்கிறது.

2018 நவம்பர். சித்தூரிலேயே மழை பிடித்துக்கொண்டது. அலிபிரியில் சோதனைக்காகப் பெட்டிகளை இறக்கியபோது எல்லாம் காய்ந்தே இருந்தன. மேலே போய் அறையில் பிரித்தால், மறுநாள் கல்யாண உற்சவத்துக்கு வைத்திருந்த வேட்டியும் பட்டுப் புடவையும் சொதசொதவென்று நனைந்திருந்தன. அந்தச் சேவைக்கு மரபு உடை இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். என் அக்கா, மகன் பிழைத்து எழுந்ததற்காக ஆறு வருஷம் மஞ்சள் துணியில் முடிந்து வந்த காணிக்கை நோட்டுகளும் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. இரவெல்லாம் ஃபேன் காற்றில் ஒவ்வொன்றாகப் பிரித்து உலர்த்தினாள்.

"பீடிங் போயிடுச்சு சார், மாத்திட்டா சரியாயிடும்" என்றார் டிரைவர். மாற்றினார்கள். மேலே சிலிகானும் பூசினார்கள். அடுத்த மழையில் மறுபடி ஒழுகியது. நான் ஃபிட்டர் வேலை பார்த்தவன். வேன்காரரிடம் கேட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே பார்த்தேன்.

அலிபிரி வரை காய்ந்திருந்து மலையில் நனைந்ததே முதல் துப்பு. சமதரையில் கூரைத் தண்ணீர் நாலு பக்கமும் வழியும். ஏற்றத்தில் வண்டி பின்னால் சாய்வதால் அத்தனையும் டிக்கிக் கதவின் தலையில் இறங்கும். வளைவில் பாடி லேசாக முறுக்கிக்கொள்வதால் கதவுச் சந்தும் கூடிக் குறையும். பட்டறையில் சமதளத்தில் நிறுத்தித் தண்ணீர் அடித்துப் பார்த்தால் ஒழுகாதுதானே!

முன்சக்கரங்களை மேட்டில் ஏற்றி நிறுத்தினேன். உள்ளே தம்பி மகன் டார்ச்சோடு. ஹோஸை முதலில் கீழே, பிறகு பக்கவாட்டில், கடைசியாக மேலே பிடித்தேன். முதலிலேயே மேலே அடித்தால் தண்ணீர் எங்கே நுழைகிறது என்று தெரியாது. "பூட்டுப் பக்கம் மேல் மூலை, பெரியப்பா!" என்று கத்தினான். கதவின் கீழ் விளிம்பில் பெயின்ட் உரசிப் போயிருந்தது. மேல் கீல் தளர்ந்து கதவு தொங்கினால் கீழ் மூலை உரசும், மேல் மூலையில் சந்து விழும். அங்கே ரப்பர் கதவைத் தொடவே இல்லை. தொடாத ரப்பர் புதிதாக இருந்தென்ன?

இதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. ஒரு காகிதத் துண்டை வைத்துக் கதவைச் சாத்தி இழுங்கள். இறுக்கமாக வந்தால் சரி. சும்மா உருவிக்கொண்டு வந்தால் அங்கேதான் ஓட்டை. கதவைச் சுற்றிலும் சாண் சாணாகப் பார்க்க வேண்டும்.

கதவுக்கு அடியில் மரக்கட்டை வைத்து ஜாக்கியால் தூக்கி, தேய்ந்த கீல் முளையை மாற்றி, போல்ட்டுகளை முடுக்கினேன். பூட்டின் கொண்டியை ஒரு நூல் உள்ளே தள்ளினேன். உள்ளே குழாய்போலக் குழிந்த ஈ.பி.டி.எம். ரப்பர் கேட்டு வாங்கினேன். சாதா ரப்பர் வெயிலில் சீக்கிரம் வெடித்துவிடும். பட்டறையில் ரப்பரின் ஒட்டை மேலே வைத்திருந்தார்கள். அது கீழேதான் வர வேண்டும். கதவுக்கு மேலே இரு பக்கமும் நாலு விரல் நீட்டி ஓர் அலுமினியத் தூம்பும் அடித்தேன். கூரை கேரியரின் ஸ்க்ரூ ஓட்டைகளை மட்டும் சிலிகானால் அடைத்தேன். அசையும் கதவில் சிலிகான் நிற்காது, உரிந்துவிடும். கதவின் அடியிலுள்ள வடிகால் துளைகளை யாரும் அடைத்துவிட வேண்டாம்; உள்ளே தேங்கினால் தகரமே துருவேறிப் போகும்.

அமெரிக்காவில் காருக்குப் பின்னால் இழுத்துப்போகும் வீட்டு வண்டிகளின் சாமான் கதவிலும் இதே தொல்லைதான், இதே வைத்தியம்தான்.

அடுத்த நவம்பரிலும் மழை. மேலே போய்த் திறந்தோம்; தரைப்பாயில்கூட ஈரமில்லை. அக்கா மட்டும் மஞ்சள் முடிச்சை டிக்கியில் வைக்கவில்லை, மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாள்.