"பாலே இல்லை" என்று அழும் இளம் தாய்மார்கள்! பவுடர் டப்பாவில் கரையும் ஆட்டோ வருமானம்

சென்னை மாதவரத்தில் 2024-ம் ஆண்டு மே மாதக் கடைசியில் ஒரு கடைக்கு உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் சீல் வைத்தார்கள். கள்ளச் சாராயமா? இல்லை. போலி மருந்தா? அதுவும் இல்லை.

பாட்டில் பாட்டிலாக அங்கே விற்றது, தாய்ப்பால்!

தாய்ப்பாலை விலைக்கு விற்கக் கூடாது என்று மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் அதே மே 24-ந்தேதிதான் எச்சரித்திருந்தது. அந்த எச்சரிக்கையின் மை காய்வதற்குள் இந்தக் கடை பிடிபட்டது.

சீல் வைத்தார்கள், பேப்பரில் வந்தது, ஊர் வாயைப் பிளந்தது, மறந்தது. ஆனால் இப்படி ஒரு சரக்குக்குக் கிராக்கி எப்படி வருகிறது? "எனக்குப் பால் இல்லையே" என்று பெண்கள் தலையில் அடித்துக்கொண்டு அழுகிற வீடுகள் நம் தெருவிலேயே இருக்கின்றன. அப்படி ஒரு வீட்டுக்குப் போனோம்.

நாலாம் நாள் வந்த டப்பா

வியாசர்பாடியில் ஒரு சந்து. ஒண்டுக் குடித்தனம். அந்தப் பெண்ணுக்கு வயது 23. கணவர் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். தலைப் பிரசவம், ஆபரேஷன். அவர் கூறியதாவது:-

"ஆபரேஷன் பண்ண வலிங்க. புள்ளயத் தூக்கி மடியில வெச்சிக்கவே முடியல. மூணு நாளா சொட்டு சொட்டாத்தான் வந்துச்சு. புள்ள வீல்னு கத்துது. பாக்க வர்றவங்க எல்லாம், 'இன்னாம்மா, உனக்குப் பாலே இல்லியா'ன்னு கேக்குறாங்க. செத்துடலாம் போல இருந்துச்சு. நாலாம் நாளு எங்க அத்தை, 'பச்சப் புள்ளயப் பட்டினி போடாதடி'ன்னு மருந்துக் கடையில பவுடர் டப்பா வாங்கியாந்துட்டாங்க. பாட்டில்ல குடிச்சதும் தூங்கிடுச்சு. எனக்கும் நிம்மதி. அப்புறம் ரெண்டு வேளை, மூணு வேளைன்னு ஆயிடுச்சு. பதினஞ்சு நாளு கழிச்சு மார்ல வெச்சா மூஞ்சத் திருப்பிக்குது. பாலும் வத்திப் போச்சு."

மாமியாரைக் குறை சொல்லிப் பயன் இல்லை. பேரப்பிள்ளை கத்தினால் எந்தப் பாட்டிதான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்?

ஆனால் டப்பா கணக்கைப் பாருங்கள். 400 கிராம் டப்பா 400 ரூபாய்க்கு மேல். ஒரு மாதக் குழந்தைக்கு டப்பாவில் போட்டிருக்கிற அளவுப்படி கரைத்தால் நாலைந்து நாளில் காலி. மாதம் ஆறேழு டப்பா. ஷேர் ஆட்டோ வருமானத்தில் வாடகை போக, டீசல் போக, இது எங்கே கட்டுப்படியாகும்? மூன்றாவது டப்பாவிலேயே பவுடர் குறைந்து தண்ணீர் கூடியது. பாட்டிலைக் கொதிக்க வைப்பதும் நின்றது, கேஸ் தீர்ந்துவிடுமே என்று. குழந்தைக்கு வயிற்றுப்போக்கு. கண் குழி விழுந்து, அரசு ஆஸ்பத்திரியில் நாலு நாள் குளுக்கோஸ் ஏற்றினார்கள்.

அந்தப் பெண்ணுக்கு முதல் மூன்று நாளில் என்னதான் கோளாறு? ஒன்றும் இல்லை! அதுதான் வேதனை.

சொட்டுச் சொட்டாக வந்தது சீம்பால். எல்லாத் தாய்க்கும் முதலில் வருவது அதுதான். பிறந்த அன்று குழந்தைக்கு ஒரு வேளைக்குத் தேவை ஒன்றிரண்டு டீஸ்பூன்தான். பால் பெருகி மார்பு கனப்பது மூன்றாம் நாள், நாலாம் நாள். ஆபரேஷன் ஆனவர்களுக்கு இன்னும் ஒன்றிரண்டு நாள் தள்ளலாம். பால் வரப்போகிற அந்த நேரத்தில்தான் டப்பா வீட்டுக்குள் நுழைகிறது.

இறைக்கிற கிணறு ஊறும்

இது பால் விஷயத்தில் அட்சரசுத்தமாக உண்மை. குழந்தை சப்பினால் தாயின் மூளைக்குத் தகவல் போகிறது. மூளையிலிருந்து ஒரு சுரப்பு நீர் வந்து பாலை உண்டாக்குகிறது, இன்னொன்று அதை வெளியே தள்ளுகிறது. எவ்வளவு வெளியே போகிறதோ அவ்வளவு ஊறும். மார்பிலேயே பால் தங்கிவிட்டால், "போதும், நிறுத்து" என்று உடம்பு எடுத்துக்கொள்ளும். பாட்டில் ஒரு வேளை உள்ளே போனால் மார்பில் ஒரு வேளை குறைகிறது. குறைந்ததும் பாட்டில் இரண்டு வேளை ஆகிறது. இப்படியே தேய்ந்து கட்டெறும்பு ஆகிறது.

பாலை வெளியே தள்ளுகிற சுரப்பு நீர் இருக்கிறதே, வலி, பயம், அழுகை வந்தால் அது தாமதமாகும். சுற்றி நின்று "பால் இல்லையா, பால் இல்லையா" என்று கேட்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

ஆஸ்பத்திரியில் இருந்தபோது அந்தப் பெண்ணுக்கு வழி காட்டியவர் வயதான நர்சம்மா ஒருவர். குழந்தை எப்படிக் குடிக்கிறது என்று முதலில் பார்த்தாராம். "ஏம்மா, காம்பை மட்டும் கவ்வுனா புண்ணுதான் ஆவும், பால் வராது. கருப்பு வட்டமும் அதும் வாயில போவணும். புள்ளயத் திருப்பி உன் வயித்தோட ஒட்டிப் புடி" என்று சொல்லிக் கொடுத்தார்.

துணி இல்லாமல் நெஞ்சோடு நெஞ்சாகக் குழந்தையைப் போட்டுக்கொள்ளச் சொன்னார். இரவு பகல் சேர்த்து 8 முதல் 12 தடவை மார்பில் வைக்கச் சொன்னார். இரவில் கொடுப்பதை விடக்கூடாது, பால் ஊற வைக்கும் சுரப்பு நீர் இரவில்தான் அதிகம். குழந்தை குடித்த பிறகு கையால் பீய்ச்சி எடுத்து அதையும் பாலாடையில் புகட்ட வேண்டும். பவுடர் பாலை ஒரேயடியாக நிறுத்தவில்லை. அதையும் பாலாடையில் கொடுத்து, குழந்தையின் எடையைப் பார்த்துப் பார்த்துத்தான் குறைத்தார். பாட்டிலை மட்டும் வீட்டை விட்டே துரத்தினார்கள். நம் பாட்டிமார்களின் பாலாடையும் சங்கும் அலமாரியிலிருந்து இறங்கின.

மூன்று வாரம் ஆயிற்றாம். "நடுவுல ரெண்டு தடவை விட்டுடலாம்னு அழுதேன். எங்க அத்தைதான் ராத்திரி எழுந்து புள்ளயத் தூக்கிக் குடுத்தாங்க" என்றார். டப்பா வாங்கி வந்த அதே அத்தை!

போதுமா, போதாதா?

குழந்தை அழுவதை வைத்துக் கணக்குப் போட முடியாது. சாயங்காலம் ஆனால் சில பிள்ளைகள் நை நை என்று மணிக்கு இரண்டு தடவை மாரைத் தேடும். அது வழக்கம்தான். சில வாரம் போனதும் மார்பு கனம் குறைந்து தொளதொளப்பாகும். பால் வற்றிவிட்டது என்று அலறுகிறார்கள். உடம்பு அளவுக்குப் பழகிவிட்டது, அவ்வளவுதான்.

உண்மையான கணக்கு இரண்டு. ஒன்று சிறுநீர். ஐந்தாம் நாளுக்குப் பிறகு ஒரு நாளைக்கு 6 தடவையாவது நிறம் இல்லாமல் போக வேண்டும். இன்னொன்று எடை. முதல் சில நாள் கொஞ்சம் இறங்கும். இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்பிவிட வேண்டும். பக்கத்து சுகாதார நிலையத்தில் தராசு இருக்கிறது, காசு கேட்க மாட்டார்கள்.

இந்தக் கணக்கு தப்பினால் அலட்சியம் கூடாது. குழந்தை பாலுக்கு எழாமல் சுருண்டு தூங்கினால், சிறுநீர் குறைந்தால், மஞ்சள் காமாலை கால் வரை இறங்கினால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். "சாதுவான பிள்ளை, அழவே மாட்டேங்குது" என்று மெச்சிக்கொண்டு இருந்துவிடக் கூடாது. பசியில் துவண்ட பிள்ளையும் அழாது!

நிஜமாகவே பால் குறைவான தாய்மார்களும் உண்டு. தைராய்டு கோளாறு, பிரசவத்தில் அதிக ரத்தப்போக்கு, நஞ்சுக்கொடித் துண்டு உள்ளே தங்கிப்போவது, மார்பில் முன்பு செய்த ஆபரேஷன், இப்படிக் காரணங்கள் இருக்கின்றன. சில கருத்தடை மாத்திரைகளும் பாலைக் குறைக்கும். அவர்களுக்கு டாக்டர் பவுடர் பால் எழுதிக் கொடுத்தால் கொடுக்கத்தான் வேண்டும், சரியான அளவில். அந்தப் பெண்ணைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற யாருக்கும் உரிமை கிடையாது.

வைத்தியம் சொல்ல ஊரில் ஆளுக்கா பஞ்சம்? பால் சுறா புட்டு, பூண்டு, முருங்கைக் கீரை. சாப்பிடட்டும், உடம்புக்கு நல்லதுதான். ஆனால் சுறாவைத் தின்றுவிட்டுப் பிள்ளையைப் பாட்டிலில் விட்டால் பால் ஊறாது. இன்னொரு பக்கம் பத்தியம் என்று தாய்க்குத் தண்ணீரைக்கூட அளந்து கொடுக்கிறார்கள். தெருவில் கழுதையை ஓட்டி வந்து சங்கு சங்காகப் பால் விற்கிறவர்கள் வேறு! பச்சைக் குழந்தைக்கு அது ஆபத்து.

கடைக்காரர்கள் கவனிக்க

குழந்தைப் பால் பவுடருக்கும் பாட்டிலுக்கும் விளம்பரம் செய்யக் கூடாது. இலவச சாம்பிள், அன்பளிப்பு கூடாது. டப்பாவில் குழந்தை படமே போடக் கூடாது. 1992-ல் வந்த சட்டம் இது. 2003-ல் இன்னும் இறுக்கி, 2 வயது வரை என்று ஆக்கினார்கள். விளம்பரம், சாம்பிள் குற்றத்துக்கு 3 ஆண்டு வரை ஜெயில், அல்லது 5 ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மருந்துக் கடையில் "முதல் டப்பா சும்மா எடுத்துட்டுப் போங்க" என்றால் அது தர்மம் அல்ல, தூண்டில்.

தாய்ப்பாலைக் காசு வாங்காமல் கொடுக்கிற இடமும் உண்டு. எழும்பூர் அரசு குழந்தைகள் நல மருத்துவமனையில் தாய்ப்பால் வங்கி இருக்கிறது. பால் மிகுந்த தாய்மார்கள் தானம் செய்வதைச் சோதித்து, சூடாக்கிக் கிருமி நீக்கி, குறை மாதத்தில் பிறந்தவை போன்ற நலிந்த குழந்தைகளுக்குக் கொடுக்கிறார்கள். மும்பை சயான் மருத்துவமனையில் 1989-லேயே தொடங்கிய ஏற்பாடு இது. மாதவரம் கடை பாட்டிலுக்கும் இதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம்.

வேலைக்குப் போகிற தாய்மார்கள் பாடுதான் தனி. 2017 முதல் சட்டப்படி 26 வாரம் சம்பளத்தோடு லீவு. குழந்தைக்கு 15 மாதம் ஆகும் வரை வேலை நேரத்தில் இரண்டு தடவை பால் கொடுக்க இடைவேளையும் உண்டு. ஜவுளிக் கடையில் நாள் முழுக்க நிற்கிற பெண்ணிடம் இதைச் சொன்னால் சிரிக்கிறாள். பீய்ச்ச வழி இல்லாமல் எட்டு மணி நேரம் மார்பு கட்டிக்கொள்கிறது. சில வாரத்தில் பால் குறைகிறது.

பஸ் நிலையங்களில் தாய்மார்கள் பாலூட்டுவதற்கென்று 2015-ல் அறைகள் திறந்தார்கள். நல்ல ஏற்பாடு. நகரத்தில் ஒரு பஸ் நிலையத்தில் நாம் பகல் 2 மணிக்குப் போனபோது அந்த அறை பூட்டியிருந்தது. வாசல் திண்ணையில் ஒரு பெண் முந்தானையால் மூடிக்கொண்டு பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். சாவி எங்கே என்று விசாரித்தோம். டைம் கீப்பரிடம் இருக்கிறதாம். அவர் சாப்பிடப் போயிருக்கிறாராம்.