உங்களுக்குத் தெரியுமா? வெற்றிக் கணக்கில் பெயர் ஏறாத கோச்சுகள்

அமெரிக்கக் கல்லூரி மகளிர் கூடைப்பந்து என்றதும் பாட் சம்மிட், ஜீனோ ஆரியெம்மா, டான் ஸ்டேலி என்று தலைமைப் பயிற்சியாளர்களின் பெயர்கள்தான் வரிசையாக வந்து நிற்கும். அவர்களுக்குப் பக்கத்து நாற்காலியில் அமர்ந்து ஆயுள் முழுக்க உழைத்தவர்களைப் பற்றிய துணுக்குகள் இவை.

● 1985 இந்தத் தொழிலுக்கு ராசியான ஆண்டு. கனெக்டிகட் பல்கலைக்கழகத்தில் கிறிஸ் டெய்லி, டென்னசியில் மிக்கி டிமாஸ், ஹாலி வார்லிக், ஸ்டான்ஃபோர்டில் ஏமி டக்கர் என நால்வரும் உதவிப் பயிற்சியாளர்களாகச் சேர்ந்தது அந்த ஆண்டில்தான். 1986 முதல் 2015 வரை வழங்கப்பட்ட 30 தேசியக் கோப்பைகளில் 20 இந்த மூன்று கல்லூரிகளுக்கே போயின.

● கிறிஸ் டெய்லி விளையாடிய ரட்கர்ஸ் அணி 1982இல் தேசியக் கோப்பையை வென்றது. அதை நடத்திய ஏ.ஐ.ஏ.டபிள்யூ., பெண்களின் கல்லூரி விளையாட்டுக்கென்றே இருந்த அமைப்பு. அதே ஆண்டில் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்.சி.ஏ.ஏ. தனியாக மகளிர் போட்டியைத் தொடங்கியதும் இந்த அமைப்பு கடையைக் கட்டியது. ரட்கர்ஸ் தூக்கியதுதான் அதன் கடைசிக் கூடைப்பந்துக் கோப்பை.

● ஆரியெம்மாவும் டெய்லியும் வந்து சேர்ந்தபோது கனெக்டிகட் மகளிர் அணி அதுவரை ஒரே ஒரு சீசனில்தான் தோல்விகளைவிட அதிக வெற்றி கண்டிருந்தது. முதல் ஆண்டு இவர்களுக்கும் 12 வெற்றி, 15 தோல்வி. பத்தாவது ஆண்டில், 1995இல், 35 ஆட்டங்களில் ஒன்றுகூடத் தோற்காமல் கோப்பை வந்தது.

● தலைமை கோச் வர முடியாத நாளில் அணியை நடத்துவது யார்? 2021 மார்ச்சில் ஆரியெம்மாவுக்குக் கொரோனா. தேசியப் போட்டியின் முதல் இரண்டு சுற்றுகளையும் டெய்லியே நடத்தினார். ஹை பாயிண்ட்டை 102-59, சிரக்யூஸை 83-47 என்று வென்றார். ஆனால் அந்த இரண்டு வெற்றிகளும் ஏறியது ஆரியெம்மாவின் கணக்கில்!

● ஸ்டான்ஃபோர்டில் கதை வேறு. அட்லாண்டா ஒலிம்பிக்குக்கு அமெரிக்க அணியைத் தயார்செய்ய தலைமை கோச் டாரா வாண்டர்வீர் 1995-96இல் ஓராண்டு விலகியிருந்தார். ஏமி டக்கரும் மரியான் ஸ்டான்லியும் இணைந்து தலைமையேற்று, 29 வெற்றி, 3 தோல்வியோடு அணியை அரையிறுதிவரை கொண்டுபோனார்கள். அந்த சீசன் வாண்டர்வீரின் கணக்கில் சேரவில்லை. ஒலிம்பிக் தங்கத்தோடு அவர் திரும்பியதும் டக்கர் மறுபடி உதவியாளரானார். 2017இல் ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தார்.

● எதிரணிகளை உதவிப் பயிற்சியாளர்கள் ஆளுக்குச் சில என்று பிரித்துக்கொள்வார்கள். இதற்கு 'ஸ்கவுட்' என்று பெயர். ஓர் அணி உங்கள் பங்கில் வந்தால், அவர்களின் பழைய ஆட்டங்களை எல்லாம் வீடியோவில் பார்த்துத் தீர்க்க வேண்டும். யார் இடது பக்கமாகத்தான் ஓடுவார், யாரை மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே சும்மா விடலாம், பக்கவாட்டிலிருந்து பந்தை எறியும்போது என்ன சைகை காட்டுவார்கள் என்பதை எல்லாம் திரட்டிச் சுருக்கி வீராங்கனைகளுக்குப் பாடம் எடுக்க வேண்டும்.

● இதில் ஒரு வயிற்றெரிச்சலும் உண்டு. தேசியப் போட்டியில் அரையிறுதி வெள்ளிக்கிழமை, இறுதி ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை. நடுவில் ஒரே நாள். அதனால் எதிர்ப்பக்க அரையிறுதியில் ஆடும் இரண்டு அணிகளுக்கும் குறிப்பு முன்கூட்டியே தயாராக இருக்க வேண்டும். தோற்ற அணிக்காகத் தூக்கம் கெட்டுத் தயாரித்த குறிப்பு நேராகக் குப்பைக்குப் போகும்.

● ஆள் பிடிப்பது இந்த வேலையில் பாதி. 1990 செப்டம்பரில் நிறைமாதக் கர்ப்பிணியான டென்னசி தலைமை கோச் பாட் சம்மிட், மிக்கி டிமாஸோடு சிறு விமானத்தில் பென்சில்வேனியாவுக்குப் பறந்தார். மிஷல் மார்சினியாக் என்ற பள்ளி மாணவியை டென்னசிக்கு அழைத்துவர வேண்டும் என்பது நோக்கம். போன இடத்தில் பிரசவ அறிகுறி. அவசரமாகத் திரும்பும் வழியில் வர்ஜீனியாவில் இறங்கிவிடலாம் என்றார்கள் விமானிகள். சம்மிட் ஒரேயடியாக மறுத்துவிட்டார். குழந்தை டென்னசி மண்ணில்தான் பிறக்க வேண்டுமாம். போதாக்குறைக்கு, அந்த மார்ச்சில்தான் வர்ஜீனியா அணி கூடுதல் நேரத்தில் டென்னசியைத் தோற்கடித்து வெளியேற்றியிருந்தது! செப்டம்பர் 21 அன்று நாக்ஸ்வில்லில் மகன் டைலர் பிறந்தான். மார்சினியாக் முதலில் நோட்டர்டேமில் சேர்ந்தாலும் பிறகு டென்னசிக்கே மாறினார். 1996இல் கோப்பை வென்றபோது அரையிறுதி, இறுதி ஆட்டங்களின் சிறந்த வீராங்கனை அவரே.

● கனெக்டிகட்டும் டென்னசியும் கீரியும் பாம்புமாக மோதிய காலத்தில் டெய்லியும் டிமாஸும் எதிரெதிர் பெஞ்சுகளில் இருந்தவர்கள். 2018இல் மகளிர் கூடைப்பந்துப் புகழ் மண்டபம் இருவரையும் ஒரே மேடையில் ஏற்றிக் கௌரவித்தது.

● ஹாலி வார்லிக் டென்னசியில் 27 ஆண்டுகள் உதவியாளர். தனக்கு அல்சைமர் நோய் தொடங்கியிருப்பதை சம்மிட் 2011 ஆகஸ்டில் அறிவித்தார். அந்த சீசனில் பாரத்தின் பெரும்பகுதியைச் சுமந்தவர் வார்லிக். 2012இல் பொறுப்பு முறைப்படி அவர் கைக்கு வந்தது.

● அயோவா மாநிலப் பள்ளிகளில் 1993 வரை பெண்களுக்கு ஒரு விநோதமான கூடைப்பந்து இருந்தது. அணிக்கு ஆறு பேர். மூவர் தாக்க மட்டும், மூவர் தடுக்க மட்டும். நடுக்கோட்டை யாரும் தாண்டக் கூடாது. பந்தை இரண்டு முறைக்கு மேல் தரையில் தட்டக் கூடாது. அந்த ஆட்டத்தில் ஒரு சீசன் முழுக்க ஆட்டத்துக்குச் சராசரி 66 புள்ளி குவித்தவர் ஜேன் ஜென்சன். 2000 முதல் அயோவா பல்கலைக்கழகத்தில் தலைமை கோச் லிசா புளூடருக்குத் துணையாக இருந்து, கூடைக்கு அருகே ஆடும் உயரமான வீராங்கனைகளைச் செதுக்கினார். 2019இல் நாட்டின் சிறந்த வீராங்கனையான மேகன் கஸ்டஃப்சன் அவர் கையில் வளர்ந்தவர். 2024 மே 13 அன்று புளூடர் ஓய்வை அறிவித்தார். அன்றே ஜென்சன் தலைமை கோச்!

● டான் ஸ்டேலி தொழில்முறை லீகில் ஆடியபோது அவருக்கு கோச்சாக இருந்தவர் லிசா பாயர். பின்னர் ஸ்டேலி கல்லூரி கோச் ஆனதும், 2002இல் பாயர் அவரிடமே உதவியாளராகச் சேர்ந்தார். முதலில் டெம்பிள் பல்கலைக்கழகம், 2008 முதல் சவுத் கரோலைனா. 2017, 2022, 2024 என மூன்று கோப்பைகளிலும் உடனிருந்தார். 2001-02இல் கிளீவ்லேண்ட் கேவலியர்ஸ் ஆண்கள் அணிக்கு உதவிய இவர்தான் என்.பி.ஏ.வில் பயிற்சிப் பணி செய்த முதல் பெண்.

● கல்வியில் பாலினப் பாகுபாட்டைத் தடுக்கும் 'டைட்டில் நைன்' சட்டம் 1972இல் வந்தது. அப்போது கல்லூரி மகளிர் அணிகளில் 90 சதவீதத்துக்கு மேல் பெண் பயிற்சியாளர்கள். 2014இல் எல்லா விளையாட்டுகளையும் சேர்த்துப் பார்த்தால் 43 சதவீதம்தான். சட்டத்தால் பணமும் மதிப்பும் வந்தன. பின்னாலேயே ஆண்களும் வந்தார்கள்.

● இந்த வேலையில் நிரந்தரம் கிடையாது. தலைமை கோச்சை நீக்கினால், பெரும்பாலும் உதவியாளர்களும் பெட்டி கட்ட வேண்டியதுதான். புதிதாக வருபவர் தன் ஆட்களோடு வருவார்.

● நீண்ட காலம் ஓர் அணிக்கு மூன்று உதவிப் பயிற்சியாளர்களே அனுமதி. 2023 ஜூலை 1 முதல் முதல்நிலைக் கல்லூரிகள் மேலும் இருவரை வைத்துக்கொள்ளலாம் என்று ஆனது. ஆனால் அப்போதைய விதிப்படி இந்த இருவரும் வளாகத்துக்கு வெளியே போய் ஆள் பிடிக்கக் கூடாது.

● 2024 நவம்பர் 20 அன்று ஆரியெம்மாவின் 1,217ஆவது வெற்றி. அதிக வெற்றிகளுக்கான வாண்டர்வீரின் சாதனை முறிந்தது. கணக்கில் ஏறியது ஒரு பெயர்தான் என்றாலும், விழாவை ஆரியெம்மா, டெய்லி இருவரின் 40ஆவது சீசனுக்கும் சேர்த்தே எடுத்தது கனெக்டிகட். அடுத்த ஏப்ரலில் சவுத் கரோலைனாவை 82-59 என்று வென்று 12ஆவது தேசியக் கோப்பையையும் தூக்கியது. பன்னிரண்டில் ஒன்றுகூட டெய்லி இல்லாமல் வந்ததில்லை.