ஊராட்சியின் அமைப்பும் நம் கடமையும்

ஒரு நாட்டின் ஆட்சிமுறையை அறிய விரும்புவோர் முதற்கண் அதன் தலைநகரையே நோக்குவர். ஆயினும், ஆட்சி மக்களை அணுகும் இடம் தலைநகரன்று. குடிநீர்க் குழாயும் தெருவிளக்கும் கழிவுநீர்க் காலும் உள்ள ஊரேயாம். ஆதலின் குடியரசின் அடிப்படையாகிய ஊராட்சியைப்பற்றி ஈண்டுச் சிறிது ஆராயப் புகுவாம்.

நம் மாவட்டத்திற்கு அணித்தாயுள்ள உத்தரமேரூரில், முதற் பராந்தக சோழன் காலத்தே, கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பெற்ற சாசனங்கள் இரண்டுள. அவ்வூர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. 35 வயதிற்கு மேற்பட்டு 70 வயதிற்கு உட்பட்டோராய், காணியும் சொந்த மனையும் உடையோரின் பெயர்களை ஓலைகளில் எழுதிக் குடத்திலிட்டுச் சிறுவன் ஒருவனைக்கொண்டு எடுப்பித்தனர். ஏரி வாரியம், தோட்ட வாரியம் முதலியன இவ்வாறே அமைந்தன. கணக்குக் காட்டாதார்க்கும் அவர்தம் உறவினர்க்கும் இடமில்லை என்ற விதி இன்றும் போற்றத்தக்கது. எனினும் அஃது அந்தணர் சபையாதலின், பெண்டிரும் ஏனைக் குடிகளும் அதில் இடம்பெற்றிலர் என்பதனையும் நாம் மறைத்தலாகாது.

அக்குறையை நீக்கியது இந்நாளைய சட்டமாகும். 1993இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 73ஆம் திருத்தத்தையொட்டி 1994இல் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் இயற்றப்பட்டது. இதன்படி கிராம ஊராட்சி, ஊராட்சி ஒன்றியம், மாவட்ட ஊராட்சி என ஆட்சி மூன்று அடுக்குடையது. கிராம ஊராட்சித் தலைவரை மக்களே நேராகத் தெரிந்தெடுப்பர். ஏனை இரண்டின் தலைவர்களை உறுப்பினர் தெரிந்தெடுப்பர். 2016இல் இயற்றிய திருத்தத்தால் பெண்டிர்க்குப் பாதி இடங்கள் ஒதுக்கப்பட்டன. இவற்றினும் சிறந்தது கிராம சபை. வாக்குரிமையுடையார் அனைவரும் அதன் உறுப்பினரே. குடியரசு நாள், மே நாள், விடுதலை நாள், காந்தியடிகள் பிறந்த நாள் முதலிய நாட்களில் அது கூடி வரவு செலவை வினவும் உரிமையுடையது.

இத்துணைச் சீரிய அமைப்பும் தேர்தல் தவறின் உயிரற்ற உடலாம். 1960இல் விடுதலை பெற்ற மத்திய ஆப்பிரிக்கக் குடியரசில், 1988க்குப் பின் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக உள்ளாட்சித் தேர்தலே நிகழாதிருந்தது. அதனைக் கேட்டு நாம் வியத்தல் வேண்டா. நம் மாநிலத்தும் 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்த ஊராட்சிகளுள் பலவற்றிற்கு 2019 டிசம்பரில்தான் தேர்தல் நடந்தது. நம் திருவள்ளூர் மாவட்டத்தில் அவ்வாறு தேர்ந்தெடுக்கப்பட்டோரின் காலம் 2025 ஜனவரி 5இல் முடிய, மறுநாள் முதல் பொறுப்புத் தனி அலுவலர்பாற் சென்றது. அலுவலர் நன்முறையில் உழைத்தலுங் கூடும். ஆயினும் அவரை மாற்றும் வாக்கு நம் கையில் இல்லை.

வேப்பம்பட்டில் நாடோறும் விடியற்காலை மின்தொடர் வண்டியேறி வேலைக்குச் சென்று இரவில் மீள்வோர் பலர். புதிதாகக் குடியேறிய இவர்கட்குச் சென்னைச் செய்தி தெரியும்; தம் தெருவின் வரவு செலவு தெரியாது. மாணாக்கர்களாகிய நாமேனும் கிராம சபை கூடும் நாளில் ஒரு நாழிகை அங்கிருந்து, ஒரு வினாவையேனும் பணிவுடன் எழுப்புவோமாக. வினவுவார் இல்லாத ஊரில் விடை கூறுவாரும் இலர்.