ஆடும் ஸ்டீயரிங்: பழைய பிக்கப் வண்டியைத் தரையிலிருந்து சோதிப்போம்



எரு, விதை, மூலிகைப் பூச்சிவிரட்டி பற்றியெல்லாம் இங்கே அனுபவசாலிகள் எழுதுகிறார்கள. நான் இந்த முறை வண்டியைப் பற்றி எழுதுகிறேன். நம்மில் பலர் செகண்ட் ஹேண்டில் ஒரு பிக்கப்போ, குட்டி யானையோ வாங்கி வைத்திருக்கிறோம். எரு அடிப்பதும் அதில்தான், விளைச்சலைச் செஞ்சி கமிட்டிக்கோ புதுச்சேரி அங்காடிக்கோ கொண்டு போவதும் அதில்தான். மாட்டுக்கு ஒரு வேளை தீனி குறைந்தால் கண்டுபிடித்து விடுகிறோம். வண்டி ஆறு மாதமாக ஆடிக்கொண்டிருந்தாலும் "பழைய வண்டின்னா அப்படித்தான்" என்று ஓட்டுகிறோம். நானும் அப்படித்தான் ஓட்டினேன்.

வங்கியில் இருந்தபோது இது மாதிரி வண்டிகளுக்கு எத்தனையோ கடன் கொடுத்திருக்கிறேன். ஆர்.சி. பார்ப்பேன், இன்சூரன்ஸ் பார்ப்பேன், கொட்டேஷன் பார்ப்பேன். ஒரு நாளும் வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்ததில்லை. ஓய்வு பெற்று வல்லம் பக்கம் எங்கள் நிலத்துக்குத் திரும்பிய பிறகு, 11 ஆண்டு ஓடிய ஒரு பிக்கப்பை நானே வாங்கினேன். முன்னாலும் பின்னாலும் பட்டை, பவர் ஸ்டீயரிங் கிடையாது.

ஏரிக்கரையில் நடந்தது

போன ஆண்டு மல்லாட்டை அறுவடை சமயத்தில் தொல்லை தொடங்கியது. நேர் சாலையில் போவதற்கே ஸ்டீயரிங்கைச் சற்று இடப்பக்கம் பிடித்தபடி ஓட்ட வேண்டியிருந்தது. லோடு ஏற்றினால் வண்டி அலையும். முதலில் வீல் அலைன்மெண்ட் செய்தேன். ஸ்டீயரிங் நேராக நின்றது. ஒரு மாதத்தில் பழையபடி ஆகிவிட்டது. முன் டயர் ஓரமாகத் தேய்ந்திருக்கிறது என்றார்கள், இரண்டு புது டயர் போட்டேன். மறுபடி அலைன்மெண்ட், பிறகு இன்னொரு முறை. டயருக்கு 9,800 ரூபாய், மூன்று அலைன்மெண்ட்டுக்கு 1,200 ரூபாய், ஆக 11,000 ரூபாய் போனது. தொல்லை போகவில்லை.

களை எடுக்க வரும் ஒரு அம்மா ஒரு நாள் சாலையோரம் நின்று பார்த்துவிட்டுச் சொன்னார்: "இன்னா சார், உன் வண்டி நண்டாட்டம் ஒரு பக்கமா போவுது?" சிரித்துவிட்டு விட்டுவிட்டேன். நோயை அவர்தான் சரியாகச் சொன்னார் என்பது பிறகுதான் புரிந்தது.

அடுத்த வாரம் காலையில், வேலைக்கு வந்த ஆறு பெண்களையும் வண்டியின் பின்னால் ஏற்றிக்கொண்டு ஏரிக்கரை மேல் போனேன். எதிரே ஒரு டிராக்டர். ஒதுங்குவதற்காக ஸ்டீயரிங்கைத் திருப்பினேன், வண்டி திரும்பவில்லை. இன்னும் கொஞ்சம் திருப்பினேன், சட்டென்று தேவைக்கு மேல் திரும்பியது. பிரேக் அடித்து நின்றபோது முன்சக்கரத்துக்கும் கரைச் சரிவுக்கும் இடையே ஒரு முழம்தான் இருந்தது. யாருக்கும் அடி இல்லை. அவர்கள் ஒன்றும் பேசாமல் இறங்கி நடந்தே வயலுக்குப் போனார்கள். அன்று முழுக்க என்னால் அவர்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அன்று மாலையே லாரிப் பட்டறையில் ஆயுசைக் கழித்த ஒரு வயதான மேஸ்திரியைக் கூட்டி வந்தேன். அவர் கையில் ஸ்பேனரை எடுக்கவே இல்லை. "முதல்ல ஒரு டேப்பும் சாக்பீசும் கொடுங்க பேங்க் சார்" என்றார். அவர் காட்டிய வரிசையைத்தான் கீழே எழுதுகிறேன். வங்கியில் கணக்கு டேலி ஆகாவிட்டால் லெட்ஜரை மாற்ற மாட்டோம், முதல் வவுச்சரிலிருந்து ஒவ்வொன்றாக டிக் அடித்துக்கொண்டு வருவோம். இதுவும் அதே வேலைதான். தரையில் தொடங்கி மேலே போக வேண்டும்.

1. டயர்

வண்டி ஓடிச் சூடாவதற்கு முன், காலையில் காற்று அளக்க வேண்டும். எவ்வளவு வேண்டும் என்பது கதவுப் பக்கத்துத் தகட்டிலோ வண்டிப் புத்தகத்திலோ இருக்கும். காலி வண்டிக்கு ஒன்று, லோடுக்கு ஒன்று என இரண்டு அளவு கொடுத்திருப்பார்கள். முன்சக்கரம் இரண்டிலும் ஒரே அளவு இருக்கட்டும். ஒன்றில் குறைந்தால் வண்டி அந்தப் பக்கம் இழுக்கும். இரண்டிலும் குறைந்தால் ஸ்டீயரிங் கனக்கும்.

டயர் தேய்ந்த விதம் நோயைச் சொல்லிவிடும்.

- இரு ஓரமும் தேய்ந்தால் காற்று குறைவாக ஓடியிருக்கிறது. நடுவில் தேய்ந்தால் காற்று அதிகம்.
- ஒரு ஓரம் மட்டும் தேய்ந்தால் சக்கரத்தின் சாய்வோ திசையோ தவறியிருக்கிறது.
- உள்ளங்கையால் குறுக்கே தடவும்போது ஒரு பக்கம் வழுவழுப்பாகவும் மறுபக்கம் ரம்பம் போலவும் இருந்தால், இரு முன்சக்கரமும் ஒன்றுக்கொன்று நேராக இல்லை.
- குழி குழியாகத் தேய்ந்தால் ஷாக் அப்சார்பர், பேரிங், வீல் பேலன்ஸ் இவற்றைச் சந்தேகப்படுங்கள்.

டயரின் வயதும் முக்கியம். பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும். 2317 என்றிருந்தால் 2017ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. பட்டன் நன்றாக இருந்தாலும் சுவரில் வெடிப்பு விட்ட டயர் லோடு தாங்காது.

ஒரு பக்கம் இழுக்கிறதா? முன் டயர் இரண்டையும் இடம் வலம் மாற்றிப் போட்டுப் பாருங்கள். ஓடும் திசைக்கு அம்புக்குறி போட்ட டயராக இருந்தால் மட்டும் மாற்ற வேண்டாம். இழுப்பும் பக்கம் மாறினால் குற்றம் டயரில். மாறாவிட்டால் அந்தப் பக்கத்து பிரேக் பிடித்துக்கொண்டு ஓடுகிறதா என்று பாருங்கள். பிரேக் அதிகம் பிடிக்காமல் கொஞ்ச தூரம் ஓட்டி நிறுத்தி, கையை டிரம் அருகே கொண்டு போங்கள். ஒரு பக்கம் மட்டும் அனல் அடித்தால் அதுதான். நம் சாலைகள் ஓரத்துக்குச் சரிந்திருப்பதால் இடப்பக்கம் லேசாக ஒதுங்குவது எல்லா வண்டிக்கும் உண்டு. சமமான இடத்தில் ஓட்டிப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

நம்மைப் போன்றவர்களுக்கு மட்டும் வரும் ஒரு தொல்லை உண்டு. வயலில் இறங்கி ஏறிய வண்டியின் ரிம்முக்குள் சேறு காய்ந்து ஒட்டியிருக்கும். குறிப்பிட்ட வேகம் வந்ததும் ஸ்டீயரிங் கிடுகிடுவென நடுங்கும். பட்டறைக்குப் போகும் முன் ரிம்மின் உட்புறத்தைச் சுரண்டிக் கழுவிப் பாருங்கள்.

2. பட்டையும் பின் அச்சும்

வண்டியைச் சமதரையில் காலியாக நிறுத்தி, பின்னால் நின்று பாருங்கள். ஒரு பக்கம் தாழ்ந்திருந்தால் பட்டை உடைந்திருக்கலாம் அல்லது சோர்ந்திருக்கலாம். பட்டைகளை ஒன்றாகக் கோத்திருப்பது சென்டர் போல்ட், அச்சோடு இறுக்கிப் பிடித்திருப்பது யு போல்ட். யு போல்ட் தளர்ந்தால் சென்டர் போல்ட் அறுந்துபோகும், அச்சு இடம் பெயரும்.

இதைக் கண்டுபிடிக்க டேப் போதும். ஸ்டீயரிங்கை நேராக வைத்து, முன்சக்கர நடுவிலிருந்து பின்சக்கர நடுவரை இரு பக்கமும் அளக்க வேண்டும். இரண்டும் சமமாக இருக்க வேண்டும். என் வண்டியில் இடப்பக்கம் 3 சென்டிமீட்டர் அதிகம். இடது பின்சக்கரம் பின்னால் நகர்ந்து, பின் அச்சு கோணலாக நின்றது. பின்பக்கம் ஒரு திசையில் தள்ள, அதைச் சரிக்கட்ட நான் முன்சக்கரத்தை எந்நேரமும் இடப்பக்கம் திருப்பியே ஓட்டியிருக்கிறேன். அந்த அம்மா சொன்ன நண்டு நடை இதுதான். அலைன்மெண்ட் கடையில் முன்சக்கரத்தை மட்டும் அளந்தார்கள். பின் அச்சை அளக்கச் சொல்ல எனக்கும் தெரியவில்லை.

3. தூக்கி ஆட்டிப் பாருங்கள்

பின்சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, முன்பக்கத்தை ஜாக்கியால் தூக்கி, அச்சுக்கு அடியில் ஸ்டாண்டோ கனமான மரக்கட்டையோ கொடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகவே கூடாது.

சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரை பிரேக் மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். மிதித்ததும் ஆட்டம் நின்றால் வீல் பேரிங். நிற்காவிட்டால் கிங்பின் அல்லது அதன் புஷ். பட்டைக்குப் பதில் சுருள் ஸ்பிரிங் உள்ள வண்டியானால் பால் ஜாயிண்ட். பிறகு இடமும் வலமும் பிடித்து ஆட்டுங்கள். இப்போது மட்டும் ஆட்டம் தெரிந்தால் டை ராடு எண்டைப் பாருங்கள்.

4. ஆட்டம் எங்கே தொலைகிறது?

வண்டியை இறக்கி, ஹேண்ட் பிரேக் போட்டு, ஒருவர் ஸ்டீயரிங்கை இடமும் வலமும் சிறிதளவு மட்டும் திருப்பிக்கொண்டே இருக்கட்டும். இன்னொருவர் பக்கத்தில் படுத்துப் பார்க்க வேண்டும். ஸ்டீயரிங் ராடு, பாக்ஸ், டிராப் ஆர்ம், டிராக் லிங்க், டை ராடு, சக்கரம் என்று அசைவு வரிசையாகப் போக வேண்டும். எந்த இணைப்பில் ஒரு பக்கம் அசைந்து மறுபக்கம் அசையாமல் நிற்கிறதோ, அங்கேதான் தேய்மானம். கையை இணைப்பின் மேல் வைத்தாலே 'டக் டக்' என்று தெரியும்.

என் வண்டியில் இடது டை ராடு எண்டின் ரப்பர் உறை எப்போதோ கிழிந்து, உள்ளே சேறும் எருத்தூளும் போய் உருண்டையே பாதி தேய்ந்திருந்தது. மேஸ்திரி கையால் அசைத்துக் காட்டினார். "இது கழண்டா ஒரு சக்கரம் இந்தப் பக்கம், ஒரு சக்கரம் அந்தப் பக்கம் சார்" என்றார். அந்த ஆறு பேரும் என் கண் முன்னால் வந்தார்கள்.

பல பட்டறைகளில் ஸ்டீயரிங் ஆடுகிறது என்றதும் பாக்ஸ் மேலுள்ள திருகை இறுக்கிவிடுவார்கள். அதைக் கடைசியாகத்தான் தொட வேண்டும். மற்ற இணைப்புகள் தேய்ந்திருக்கும்போது இதை இறுக்கினால், ஸ்டீயரிங் திரும்பிய இடத்திலேயே நிற்கும், தானாக நேருக்கு வராது, பாக்ஸும் சீக்கிரம் போய்விடும்.

ஸ்டீயரிங் கனமாக இருந்தால் காற்று, பாக்ஸில் ஆயில், கிங்பின்னில் கிரீஸ் இந்த மூன்றையும் பாருங்கள். கிங்பின்னுக்கு கிரீஸ் அடிக்கும்போது சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிவிட்டு அடியுங்கள். பாரம் அழுத்திக்கொண்டிருந்தால் வேண்டிய இடத்துக்கு கிரீஸ் போகாது.

5. அலைன்மெண்ட் கடைசியில்

எல்லா ஆட்டத்தையும் நீக்கிய பிறகே அலைன்மெண்ட். பந்தக்கால் ஆடும்போது கொடியை எவ்வளவு நேராக இழுத்துக் கட்டினாலும் நிற்குமா?

எனக்கு நான்கு எண்டுகள், கிங்பின் செட், சென்டர் போல்ட், யு போல்ட்டுகள், கூலி எல்லாம் சேர்த்து 6,700 ரூபாய் ஆனது. தவறான இடத்தில் முன்பு செலவழித்ததைவிட 4,300 ரூபாய் குறைவு. கழற்றிய ஸ்பிளிட் பின்னைத் திரும்பப் போடாதீர்கள், புதிது போடச் சொல்லி எதிரில் நின்று பாருங்கள். ஸ்டீயரிங் உறுப்பு எதையும் வெல்டிங் வைத்து ஓட்டாதீர்கள்.

லோடு ஏற்றும் முறை

வண்டியில் குறையே இல்லாமலும் ஸ்டீயரிங் கெட்டுப்போகும், நாம் ஏற்றும் விதத்தால். பின் அச்சுக்குப் பின்னால் பாரம் சேர்ந்தால் ஏற்றத்தில் ஒரு பக்கம் மிதித்தால் மறுபக்கம் எழுவதுபோல முன்பக்கம் எழும்பும். முன்சக்கரம் தரையைப் பிடிக்காமல் ஸ்டீயரிங் பஞ்சு மாதிரி ஆகும். மூட்டைகளை கேபினை ஒட்டி அடுக்கத் தொடங்குங்கள்.

200 லிட்டர் டிரம்மில் அமுதக்கரைசல் நிரப்பினால் அது 200 கிலோவுக்கு மேல். ஐந்து டிரம் ஏற்றினால் ஒரு டன். அரை டிரம் அதைவிட மோசம். வளைவில் கரைசல் ஒரு பக்கம் ஓடி வண்டியையே தள்ளும். நிரப்பினால் முழுசாக நிரப்பி மூடிக் கயிறு கட்டுங்கள், இல்லாவிட்டால் வயலுக்குப் போய்க் கரையுங்கள். மழையில் நனைந்த எரு காய்ந்த எருவைவிட நிறையக் கனக்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள். எரு இறக்கிய பிறகு பட்டை, யு போல்ட் பக்கம் கழுவிவிடுங்கள். ஒட்டிக்கொண்டிருக்கும் ஈர எரு இரும்பைத் தின்றுவிடும்.

எட்டு ஆண்டு தாண்டிய சரக்கு வண்டியை ஆண்டுக்கு ஒரு முறை எஃப்.சி. காட்டுகிறோம். மற்ற 364 நாளும் நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். அமாவாசையன்று ஏர் பூட்டாத வழக்கம் நம்மிடம் இருந்தது, மாட்டுக்கும் ஓய்வு. நான் அந்த நாளை வண்டிக்கு வைத்திருக்கிறேன். காற்று, வீல் நட்டு, யு போல்ட், ரப்பர் உறைகள், கிரீஸ் எல்லாம் பார்க்க அரை மணி நேரம் போதும்.

கடைசியாக ஒன்று. சரக்கு வண்டியின் பின்னால் ஆட்களை ஏற்றுவது சட்டப்படி தவறு. அது எனக்கு முன்பே தெரியும், ஆனாலும் ஏற்றினேன். இப்போது வேலைக்கு வருகிறவர்களுக்கு ஷேர் ஆட்டோ வைத்துவிட்டேன். வாடகையைச் சாகுபடிச் செலவில் எழுதுகிறேன். வண்டி இப்போது நேராகத்தான் ஓடுகிறது. ஆனாலும் அதன் பின்னால் யாரையும் ஏற்றுவதில்லை.