தொடர்ந்து கற்பவர்கள் காக்கும் இதயம்

உயர் இரத்த அழுத்தம் பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாது. பட்டிப்பொலயில் கொழுந்து பறிப்பவரும் மரக்கறி பயிரிடுபவரும் "எனக்கு ஒன்றுமில்லை" என்றே இருந்துவிடலாம். மாரடைப்போ பக்கவாதமோ வந்த பிறகுதான் அது தெரியவரும்.

இதைத் தடுக்க வைத்தியர் மட்டும் போதாது. சுகாதாரக் குழு முழுவதும் தொடர்ந்து கற்க வேண்டும். இலங்கை, பாகிஸ்தான், பங்களாதேஷ் ஆகிய நாடுகளின் 30 கிராமப்புறச் சமூகங்களில் நடந்த ஆய்வொன்று 2020இல் வெளியானது. உயர் இரத்த அழுத்தமுள்ள 2645 பேர் அதில் பங்கேற்றனர். பாதி இடங்களில் அரச சுகாதாரப் பணியாளர்களும் வைத்தியர்களும் பயிற்சி பெற்றனர். பணியாளர்கள் வீடு வீடாகச் சென்று அழுத்தத்தை அளந்து ஆலோசனை கூறினர். இரண்டு வருடங்களில் அங்கே அழுத்தத்தின் மேல் எண், மற்ற இடங்களைவிடச் சராசரியாக 5 மில்லிமீற்றர் அதிகமாகக் குறைந்தது.

சரியாக அளப்பதற்கே பயிற்சி வேண்டும். மேடேறி வந்தவர் ஐந்து நிமிடம் அமர்ந்து இளைப்பாறி, கையை இதய மட்டத்தில் வைக்காவிட்டால் அளவு பிழைக்கும்.

பெற்றோரே, 35 வயதைக் கடந்தவர்கள் அரச சுகாதார நிலையத்தில் இலவசமாகப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு ஒரு தேக்கரண்டிக்கு மேல் உப்பு வேண்டாம். தாதியாகவோ வைத்தியராகவோ வர விரும்பும் தோழிகளே, சான்றிதழ் கையில் கிடைத்த பிறகும் படிப்பு தொடர வேண்டும்.