மோட்டாருக்கும் மூச்சு உண்டு!

மோட்டார் கார் எதில் ஓடுகிறது? 'பெட்ரோலில்' என்று சின்னப் பையன் கூடச் சொல்லிவிடுவான். ஆனால் கணக்குப் பார்த்தால், இஞ்சின் சாப்பிடுவதில் பெரும் பங்கு காற்றுதான். ஒரு கிலோ பெட்ரோல் முழுவதும் எரிய ஏறக்குறைய 15 கிலோ காற்று வேண்டும். அளவில் சொன்னால், ஒரு லிட்டர் பெட்ரோலுக்குச் சுமார் 9,000 லிட்டர் காற்று!

இன்றைய கார்களில் இந்தக் கணக்கைக் கம்ப்யூட்டர் பார்த்துக் கொள்கிறது. பழைய கார்களில் இது கார்புரேட்டரின் பொறுப்பு. காற்று வரும் வழி சரியாக இருந்தால்தான் அதன் கணக்கும் சரியாக இருக்கும். வண்டி முரண்டு பண்ணியதும் பலர் கார்புரேட்டரைத் திருக ஆரம்பித்துவிடுகிறார்கள். நல்ல இஞ்சின் கெடுவது பெரும்பாலும் அங்கேதான்.

ஆபிங்டன் கார்

உதாரணத்துக்கு எம்.ஜி.பி. என்ற ஸ்போர்ட்ஸ் காரை எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டுக்குப் பக்கத்தில் உள்ள ஆபிங்டனில், 1962 முதல் 1980 வரை 5 லட்சத்துக்கும் மேல் தயாரானது. இதன் இஞ்சின் 1,798 சி.சி. நம் ஊர் அம்பாஸடரில் நெடுங்காலம் ஓடிய 1,489 சி.சி. இஞ்சினும் இதே குடும்பத்தில் பிறந்ததுதான்.

பெரும்பாலான எம்.ஜி.பி. கார்களில் 'எஸ்.யு.' கார்புரேட்டர் இரண்டு இருக்கும். இதைக் கண்டுபிடித்த ஸ்கின்னர் காலணி வியாபாரக் குடும்பத்தைச் சேர்ந்தவர். அதனால்தானோ என்னவோ, ஆரம்ப கால எஸ்.யு. கார்புரேட்டர்களில் தோல் துருத்தி இருந்தது! பிறகு அந்த இடத்துக்கு உலோகப் பிஸ்டன் வந்தது.

காற்றோடு நாமும் போவோம்

வெளிக்காற்று முதலில் நுழைவது ஏர் கிளீனரில். கார்புரேட்டருக்கு ஒன்றாக, தகர டப்பா போல இரண்டு இருக்கும். உள்ளே காகித வடிகட்டி. 'சத்தம் கம்பீரமாக இருக்கும், வேகமும் கூடும்' என்று இதைக் கழற்றி எறிபவர்கள் உண்டு. சத்தம் கூடுவது உண்மை. ஆனால் சாலைத் தூசி நேராக உள்ளே போய், ஸிலிண்டரை அரம் போட்டு ராவுவது போலத் தேய்த்துவிடும். இன்னொரு ஆபத்தும் உண்டு. இஞ்சின் சில சமயம் கார்புரேட்டர் வழியாகவே 'படார்' என்று நெருப்புக் கக்கும். அதை வெளியே விடாமல் தடுப்பதும் இந்த டப்பாதான்.

அடுத்தது, ஏர் கிளீனருக்கும் கார்புரேட்டருக்கும் நடுவே உள்ள மெல்லிய காஸ்கெட். அற்பப் பொருள்தான். ஆனால் கார்புரேட்டரின் வாயருகே சிறு துளைகள் இருக்கின்றன. பிஸ்டனின் அடியில் வெளிக்காற்று போய்ச் சேருவது அவற்றின் வழியாக. காஸ்கெட்டைத் தலைகீழாக மாட்டினால் துளைகள் அடைபடும். பிஸ்டன் ஒழுங்காக எழும்பாது. வண்டி மேட்டில் திணறும். காரணம் தெரியாமல் மெக்கானிக்கும் விழிப்பார்!

இனி அந்தப் பிஸ்டன். காற்று அதிகம் வந்தால் அது மேலே எழும்பும், குறைந்தால் இறங்கும். அதன் அடியில் கூம்பு போன்ற ஓர் ஊசி. பிஸ்டன் உயர உயர, ஊசி மெலிந்து, பெட்ரோலுக்கு அதிக வழி விடும். காற்றுக்குத் தகுந்த பெட்ரோல்! இயந்திரத்தை நிறுத்திவிட்டு, பிஸ்டனைக் கையால் தூக்கி விடுங்கள். 'டக்' என்று கீழே விழ வேண்டும். ஒட்டிக்கொண்டால் உள்ளே அழுக்கு என்று அர்த்தம். ஒரு கார்புரேட்டரின் பிஸ்டனை மற்றதில் மாற்றிப் போடக் கூடாது. ஒவ்வொன்றும் தன் மூடியோடு ஜோடி சேர்க்கப்பட்டது.

அதற்கு அப்பால், ஆக்ஸிலேட்டருக்குக் கட்டுப்பட்ட தட்டு வால்வு, பிறகு மானிபோல்டு. எம்.ஜி.பி.யில் கார்புரேட்டருக்கு நேர் கீழே புகைக்குழாய் கொதிக்கிறது. ஆகவே நடுவில் சூடு தாங்கும் கட்டையும் தகரத் தடுப்பும் வைத்திருக்கிறார்கள். 'இது எதற்கு?' என்று விட்டுவிட்டால், வெயில் நாளில் பெட்ரோல் கார்புரேட்டரிலேயே கொதித்து, வண்டி நடுரோட்டில் நின்றுவிடும்.

திருட்டுக் காற்று

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருவோம். மானிபோல்டு இணைப்பில் காஸ்கெட் கிழிந்திருக்கலாம். தட்டு வால்வின் அச்சு தேய்ந்திருக்கலாம். ரப்பர் ஹோஸ் வெடித்திருக்கலாம். அந்த இடுக்கில் காற்று திருட்டுத்தனமாக நுழையும். கார்புரேட்டருக்கு அது தெரியாது, பெட்ரோலும் கொடுக்காது. கலவை நீர்த்துப் போகும். இஞ்சின் சூடேறும். நாளடைவில் எக்ஸாஸ்ட் வால்வு கருகும்.

வண்டி நின்ற இடத்தில் ஓடும்போது உள்ளே உறிஞ்சும் சக்தி அதிகம். ஆகவே திருட்டுக் காற்றின் தொல்லையும் அப்போதுதான் அதிகம். இதைச் சரிக்கட்டப் பெட்ரோலைக் கூட்டி வைத்தால், வேகமாகப் போகும்போது பெட்ரோல் மிஞ்சிவிடும். மிஞ்சிய பெட்ரோல் ஸிலிண்டர் சுவரிலுள்ள எண்ணெயைக் கழுவிவிடும். ஒரு நோய்க்கு மருந்து கொடுக்கப் போய், இன்னொரு நோயை வரவழைத்த கதைதான்!

கண்டுபிடிப்பது எப்படி? ஒரு முழ ரப்பர் குழாய் போதும். இஞ்சின் ஓடும்போது ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை இணைப்புகளின் ஓரமாக நகர்த்துங்கள். விசிறிக்கும் பெல்ட்டுக்கும் எட்ட இருங்கள். ஓட்டை உள்ள இடத்தில் 'உஸ்' என்று பாம்பு சீறுவது போலக் கேட்கும். அதே குழாயால் இரண்டு கார்புரேட்டரின் வாயிலும் கேட்டுப் பாருங்கள். சீறல் ஒரே மாதிரி இருந்தால், இரண்டும் சமமாக மூச்சு வாங்குகின்றன.

கடைசியில்தான் கலவை. இஞ்சின் நன்றாகச் சூடானதும் ஒரு பிஸ்டனை மயிரிழை அளவு, அதாவது சுமார் 0.8 மில்லிமீட்டர், தூக்குங்கள். ஓட்டம் கூடி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம். தடுமாறி அணையப் பார்த்தால் குறைவு. ஒரு கணம் கூடிப் பிறகு நிதானப்பட்டால் சரி.

பழைய கார் வைத்திருக்கும் அன்பர்கள் ஒன்றை நினைவில் வைத்தால் போதும். முதலில் காற்றின் வழியைப் பாருங்கள்; பிறகு பெட்ரோல் திருகில் கை வையுங்கள். சில ரூபாய் காஸ்கெட்டோடு போக வேண்டிய செலவு, இஞ்சினையே பிரிக்கும் வரை வளராமல் இருக்கும்!