அன்று உதவித்தொகை, இன்று ஒப்பந்தம்

சான் பிரான்சிஸ்கோ பல்கலைக்கழகத்தின் கூடைப்பந்து அணி 1955இலும் 1956இலும் அமெரிக்கக் கல்லூரிகளின் தேசிய சாம்பியன். அந்த அணிக்குச் சொந்தமாக ஓர் உள்ளரங்கம்கூட அப்போது கிடையாது. பயிற்சிக்கு ஒரு உயர்நிலைப் பள்ளியின் ஜிம்மை இரவல் வாங்கினார்கள். ஆட்டங்களுக்கு கேசார் பெவிலியன் என்ற நகர அரங்கம். பல்கலைக்கழக வளாகத்தில் அரங்கம் எழுந்தது 1958இல். அதற்குள் பட்டம் வென்று தந்த பையன்கள் கல்லூரியை விட்டே போய்விட்டார்கள்.

அவர்களில் ஒருவர் பில் ரஸ்ஸல். 1934இல் லூசியானா மாநிலத்தின் மன்ரோவில் பிறந்தவர். தெற்கின் நிறவெறியிலிருந்து தப்பி, குடும்பம் கலிபோர்னியாவின் ஓக்லாந்துக்குக் குடிபெயர்ந்தது. பன்னிரண்டு வயதில் தாயை இழந்தார். பள்ளி அணியில் ரஸ்ஸல் பேர் சொல்லும்படி ஆடியவர் இல்லை. உதவித்தொகை தருகிறோம் என்று கூப்பிட்டதும் இந்த ஒரு கல்லூரிதான். படிப்பு, தங்க இடம், சாப்பாடு. ஆடுவதற்குக் கிடைத்தது அவ்வளவே. விளையாட்டுத் திறமைக்காக முழு உதவித்தொகை தரலாம் என்று கல்லூரி விளையாட்டுகளை ஆளும் என்.சி.ஏ.ஏ. வெளிப்படையாக அனுமதித்ததே 1956இல்தான். கைச்செலவுக்கு மாதம் 15 டாலர் சேர்த்துக்கொள்ளலாம். அதற்கு ‘சலவைப் பணம்’ என்று பெயர்.

ரஸ்ஸலின் கல்லூரி நாட்களைப் பற்றிப் படிக்கும்போது கோப்பைகளைவிட அவருடைய விடுதி அறைதான் என்னை ஈர்க்கிறது. அறைத்தோழர் கே.சி. ஜோன்ஸ், அதே அணியின் தடுப்பாட்டக்காரர். பந்து எந்தக் கோணத்தில் வளையத்தில் பட்டால் எந்தப் பக்கம் தெறிக்கும், எதிராளியை எந்த மூலைக்குத் தள்ளினால் அவனுக்கு வழி அடையும் என்று இருவரும் மணிக்கணக்கில் பேசுவார்களாம். எறியும் பந்தைக் குதித்துத் தடுப்பது தவறான ஆட்டம் என்று பயிற்சியாளர்கள் சொல்லிக்கொண்டிருந்த காலம். ரஸ்ஸல் அதையே தன் ஆயுதமாக்கினார். 1955 இறுதியாட்டத்தில் லா சால் கல்லூரிக்கு எதிராக அவர் எடுத்தது 25 ரீபவுண்டுகள். அவர் இருந்தபோது அணி தொடர்ந்து 55 ஆட்டங்களை வென்றது. இவரைக் கட்டுப்படுத்த வேண்டித்தான், வளையத்துக்கு முன்னுள்ள பகுதியின் அகலத்தை 6 அடியிலிருந்து 12 அடியாக்கினார்கள் என்று சொல்வதுண்டு.

சாம்பியனாகப் போகிற அணிக்கு வெளியூரில் கிடைத்த மரியாதை வேறு. ரஸ்ஸல், ஜோன்ஸ், ஹால் பெர்ரி என மூன்று கறுப்பின வீரர்களை முதல் ஐவரில் வைத்து ஆடிய அணி அது. அன்று அப்படி ஓர் அணியைப் பார்ப்பது அரிது. 1954 டிசம்பரில் ஒக்லஹோமா நகரப் போட்டிக்குப் போனபோது, கறுப்பின வீரர்களுக்கு அறை இல்லை என்று ஹோட்டல்கள் கைவிரித்தன. அணி பிரியவில்லை. விடுமுறைக்கு மூடிக்கிடந்த ஒரு கல்லூரி விடுதியில் எல்லாரும் சேர்ந்தே தங்கினார்கள். பயிற்சியின்போது பார்வையாளர்கள் சில்லறையை விட்டெறிந்து கேலி செய்தார்கள். ரஸ்ஸல் அதைப் பொறுக்கி, பத்திரமாக வைத்திருங்கள் என்று பயிற்சியாளர் ஃபில் வுல்பர்ட்டிடம் கொடுத்தார். போட்டியை வென்றது அவர்கள் அணி.

ஆட்டமும் இன்று வேறு. அன்று எறிய வேண்டிய நேரத்துக்கு வரம்பு இல்லை. முன்னிலையில் இருக்கும் அணி பந்தை வைத்துக்கொண்டு காலம் கடத்தலாம். ஆண்கள் கல்லூரி ஆட்டத்தில் 1985இல் 45 விநாடி வரம்பு வந்தது, அடுத்த ஆண்டு மூன்று புள்ளிக் கோடு வந்தது. இப்போது வரம்பு 30 விநாடி.

பணத்தின் கதைதான் பெரிது. அதே சான் பிரான்சிஸ்கோ பல்கலைக்கழகம் 1982இல் தன் அணியைத் தானே கலைத்தது. செய்யாத வேலைக்கு மாதம் ஆயிரம் டாலர் கல்லூரியின் ஆதரவாளர் ஒருவரிடம் வாங்கியதாக ஒரு வீரர் ஒப்புக்கொண்டது அதற்கு ஒரு முக்கியக் காரணம். வேறு விதிமீறல்களும் இருந்தன. அணி திரும்ப வந்தது 1985இல். அன்று ஒரு அணியையே மூட வைத்த காரியத்தின் பெரும்பகுதி இன்று சட்டப்படியான ஒப்பந்தம். 2021 ஜூலை முதல் வீரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் விளம்பரத்துக்கு விற்கலாம். 2025 ஜூலை முதல், நீதிமன்றச் சமரசம் ஒன்றில் சேர்ந்த கல்லூரிகள் வீரர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கலாம். எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து முதல் ஆண்டுக்கான வரம்பு ஏறக்குறைய 2.05 கோடி டாலர்.

மனம் இளகி யாரும் இதைக் கொடுத்துவிடவில்லை. யுசிஎல்ஏ பல்கலைக்கழகத்தின் முன்னாள் வீரர் எட் ஓபேனன் 2009இல் என்.சி.ஏ.ஏ. மீது வழக்குப் போட்டார். 2021இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்து வேறொரு வழக்கில் என்.சி.ஏ.ஏ.வுக்கு எதிராகத் தீர்ப்பளித்தார்கள். தேசியப் போட்டியின் ஒளிபரப்புக்காக மட்டும் 880 கோடி டாலருக்கு எட்டாண்டு நீட்டிப்பு ஒப்பந்தம் போட்டுக்கொண்டு, பந்தைத் தொடுகிறவனுக்குச் சம்பளம் கொடுத்தால் விளையாட்டின் தூய்மை கெடும் என்பது எந்த ஊர் நியாயம்?

இழப்பும் உண்டு. ஒரு வருடம் ஆடிவிட்டு வேறு கல்லூரிக்கோ, தொழில்முறை லீகான என்.பி.ஏ.வுக்கோ போய்விடுவது இன்று சாதாரணம். டியூக் பல்கலைக்கழகத்தில் ஒரே ஒரு பருவம் ஆடிய கூப்பர் ஃப்ளாக் 2025 என்.பி.ஏ. வீரர் தேர்வில் முதலாவதாக எடுக்கப்பட்டார். ரஸ்ஸலோ முதலாண்டு மாணவர் அணியில் ஆடிய பிறகுதான் முதன்மை அணிக்கே வந்தார். அந்த அறைத்தோழமை போன்ற ஒன்று இப்போது வளர நேரமில்லை. அதற்காகப் பழைய ஏற்பாடே மேல் என்று சொல்ல மாட்டேன். அன்று வீரர்கள் ஒரே இடத்தில் இருந்ததற்கு விசுவாசம் மட்டுமே காரணமா என்ன, போக வழியும் இல்லையே.

2025இல் நீதிமன்றம் ஏற்ற அதே சமரசத்தில் பழைய பாக்கியாக ஏறக்குறைய 280 கோடி டாலர் தர ஒப்புக்கொள்ளப்பட்டது. அது 2016 முதல் ஆடியவர்களுக்கு. ஜோன்ஸ் 2020இலும் ரஸ்ஸல் 2022இலும் காலமானார்கள். அவர்களுடைய தலைமுறைக்கு அந்தக் கணக்கில் ஒரு டாலர்கூட இல்லை.